பதினான்கு மணி நேரமும் கயிறு கட்டிய ஒரு பெட்டியும்

1

என் மகள் அபிநயாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, அந்த ஊர் விமான நிலையத்துக்கும் ஆக்லாந்து விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம், பறந்து வர எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு அட்டையில் எழுதி, உலகப் படத்தில் கோடு போட்டுக் கொண்டுபோக வேண்டும். அவளுக்குப் பன்னிரண்டு வயது. எதையும் கம்ப்யூட்டரிடம்தான் கேட்பாள். கேட்டாள், ஒரு நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது.

“அப்பா, லெவன் தௌசண்ட் டூ ஹண்ட்ரட் கிலோமீட்டர்ஸ். கொஞ்சம் மேல. ஃபோர்ட்டீன் அவர்ஸ்.”

நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சமையல் என் பொறுப்பு. திருச்சியிலிருந்து ஆக்லாந்துக்கு நேராக விமானமே கிடையாதே என்றேன். அது அவளுக்குப் பொருட்டில்லை. நேராகப் பறந்தால் எவ்வளவு என்பதுதான் கேள்வியாம். அப்படி யாரும் பறந்து வருவதில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

“டீச்சர் அதுதான் கேட்டாங்க” என்று சொல்லிவிட்டுப் பச்சை ஸ்கெட்சால் 14 என்று பெரிதாக எழுதினாள். ஸ்ரீரங்கத்துக்கு ஒரு புள்ளி வைத்தாள். அங்கே ராஜகோபுரம் படம் வரையட்டுமா என்று கேட்டாள். வரை என்றேன். எத்தனை நிலை என்று கேட்டதற்குப் பதிமூன்று என்று சொன்னேன். அவ்வளவுக்கு இடமில்லை என்று ஐந்தோடு நிறுத்திக்கொண்டாள்.

சென்ற வருஷம் அதே தூரத்தை நான் கடந்தபோது எனக்கு நான்கு நாள் ஆனது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யில் வெல்டரும்தான் படிப்பு. எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரில் இருக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

2

என் அப்பா ரெங்கசாமி திருச்சி விமான நிலைய வாசலில் டாக்ஸி ஓட்டியவர். முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டினார். வெள்ளை அம்பாசடர், மேலே கேரியர். வீடு ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியில். தெரு திரும்பியதும் கோபுரத்தைப் பார்த்து “ரெங்கா” என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் இரண்டாவது கியர் மாற்ற மாட்டார்.

சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் துபாயிலிருந்தும் வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு முசிறி, லால்குடி, பெரம்பலூர், புதுக்கோட்டை என்று போவார். பயணி வெளியே வந்ததும் ஸ்டாண்டில் இருக்கிற அத்தனை டிரைவர்களும் கேட்கிற முதல் கேள்வி, “எந்த ஊரு சார்?” அப்பா மட்டும் ஆளைப் பார்க்க மாட்டார். சாமானைப் பார்ப்பார்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒருநாள் அதற்குக் காரணம் சொன்னார். “கயிறு கட்டின பெட்டியோட வர்றவன் கல்யாணத்துக்கு வருவான், காதுகுத்துக்கு வருவான், சும்மா ஆத்தா அப்பனைப் பார்க்க வருவான். ஒத்தக் கைப்பையோட வெளிய வர்றவன் சாவுக்கு வர்றான். அவன்கிட்ட எந்த ஊருன்னு கேக்கக் கூடாது. கதவைத் திறந்துவிட்டுட்டு நிக்கணும். அவனா சொல்லுவான்.”

முசிறிக்கு ஒருவரை ஏற்றிப்போன கதையை அடிக்கடி சொல்வார். அப்பாவுக்கு சீரியஸ் என்று போன் வந்து கிளம்பி வந்தவர். வழியெல்லாம் எந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம், எந்த டாக்டர் நல்லவர் என்று கேட்டுக்கொண்டே வந்தாராம். தெருமுனை திரும்பியதும் தூரத்தில் பந்தல். பின்சீட்டில் இருந்தவர் அதை இன்னும் கவனிக்கவில்லை. அப்பா வண்டியை மெதுவாக்கினாராம். எதற்காக என்று நான் கேட்டேன். இன்னும் அரை நிமிஷம் அவனுக்கு அப்பன் இருக்கட்டுமே என்று தோன்றியதாம்.

“சீரியஸ்னு போன் வந்தா ஆள் போயாச்சுன்னு அர்த்தம்டா” என்றார். “ஒத்தையா பிளேன்ல உக்காந்து வரணும்ல. அதுக்காக அப்படிச் சொல்றது.”

அப்பா சொன்னவற்றில் எதை மறந்திருந்தாலும் இதை மறக்கவில்லை.

3

ஐ.டி.ஐ. முடித்துவிட்டுத் திருவெறும்பூர் பக்கம் ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். பெரிய தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிற பட்டறை. ஆர்டர் குறைந்தது. கூட வேலை பார்த்த ஒருவர் மூலம் நியூசிலாந்து வாய்ப்பு வந்தது. அம்மா அதற்கு முந்தைய வருஷம் காலமாகியிருந்தார். தங்கை கமலா உள்ளூரிலேயே, இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். அவள் பார்த்துக்கொள்வாள், நீ போ என்றார் அப்பா. பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

நான் கிளம்பிய அன்று என் பெட்டிக்கு அவர்தான் கயிறு கட்டினார். மஞ்சள் நைலான் கயிறு. அவரிடம் கயிற்றுக்குப் பஞ்சமில்லை. வீடு போய்ச் சேர்ந்ததும் பயணிகள் அவசரத்தில் அரிவாள்மணையைக் கொண்டு வருவார்கள். அப்பா அறுக்க விடமாட்டார். தானே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்து, வேண்டாம் என்று அவர்கள் விட்ட கயிற்றைச் சுருட்டி டிக்கியில் போட்டுக்கொள்வார். அந்த முடிச்சை எனக்குக் கட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவிழ்ப்பது எப்போதும் அவர் வேலை.

ஆக்லாந்து விமான நிலையத்தில் செடி, விதை, உணவு என்று சோதிக்கிற இடத்தில் அந்தப் பெண் அதிகாரி முடிச்சோடு கொஞ்ச நேரம் போராடிவிட்டுக் கத்தியை எடுத்து அறுத்துவிட்டார். ஊருக்குப் போன் செய்து வந்து சேர்ந்தேன் என்றபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, “கயிறை என்னடா பண்ணுனாங்க?”

“அறுத்துட்டாங்கப்பா.”

“அவுக்கத் தெரியலைன்னா கேக்க வேண்டியதுதானே” என்றார்.

இங்கே எனக்கு வேறு பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியதில் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. முழுதாகச் சொல்ல வராததால் நான் வேலை பார்க்கிற பட்டறையில் எல்லோரும் என்னை “ரெங்கா” என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு, காலையிலிருந்து சாயங்காலம் வரை யாராவது பெருமாள் பெயரையும் அப்பா பெயரையும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்களே, அதுவும் ஒரு புண்ணியம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

இத்தனை வருஷத்தில் இரண்டு முறை ஊருக்குப் போனேன். இரண்டு முறையும் அழைத்துப்போக வந்தவர் ஜமால் பாய். அப்பாவின் ஸ்டாண்டுக் கூட்டாளி, அவரைவிடப் பத்து வயது இளையவர். அப்பா கண் மங்கி வண்டியை விற்ற பிறகு பாயின் வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து வருவார். நான் தள்ளுவண்டியோடு வெளியே வந்ததும் பாய் முன்பின் தெரியாதவர் மாதிரி வந்து நிற்பார்.

“எந்த ஊரு சார்? முசிறியா, லால்குடியா?”

“சீரங்கம்.”

“சீரங்கமா? அங்க ரெங்கசாமின்னு ஒரு கஞ்சன் இருக்கான். ஊர்ல உள்ள கயிறையெல்லாம் வீட்ல சேர்த்து வச்சிருக்கான். அவன் வீட்டுப் பக்கமா?”

முன்சீட்டில் அப்பாவின் தோள் குலுங்குவது கண்ணாடி வழியாகத் தெரியும்.

இரண்டாவது முறை நான் திரும்பும்போது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் ஒரே ஒரு தடவை பெட்டியோட வந்துடுடா. அதுக்கப்புறம் கைப்பையோட வந்தாலும் சரி” என்றார். வருகிறேன் என்றேன். அதற்குப் பிறகு ஆறு வருஷம் போகவில்லை. வீட்டுக் கடன், நோய்த்தொற்றுக் காலம், அபிநயாவின் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் இருந்தது. எதுவும் பொய்க் காரணம் இல்லை.

4

கமலாவிடம் இருப்பது பட்டன் போன். அவள் ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவாள், நான் திருப்பிக் கூப்பிடுவேன். முதல் நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

சென்ற வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை ரிங் வந்தது. கூப்பிட்டேன். அப்பாவுக்கு மூச்சுத்திணறல், ஐ.சி.யூ.வில் வைத்திருக்கிறார்கள் என்றாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேச முடியுமா என்று கேட்டேன். உள்ளே யாரையும் விடவில்லை என்றாள். பிறகு, “சீரியஸ்ணே, கிளம்பி வாண்ணே” என்று சொல்லிவிட்டு அழுதாள்.

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு முசிறிப் பந்தல்தான் தெரிந்தது.

உடனே கிளம்ப வழியில்லை. இரண்டு வருஷம் முன்பு இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தேன். அதனால் நான் பிறந்த ஊருக்குப் போக எனக்கு விசா வேண்டும். விசா இல்லாமல் போய்வர உதவுகிற ஓ.சி.ஐ. அட்டைக்கு எழுதிப் போட்டிருந்தேன். பழைய பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் புதியதில் ஒரு மாதிரியும் பெயர் இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். கம்ப்யூட்டரில் விசா மனு நிரப்பினேன். தகப்பனார் பெயர், அவர் பிறந்த இடம். இந்தியாவில் உங்களை அறிந்தவர் பெயர், முகவரி. இரண்டு இடத்திலும் ரெங்கசாமி என்றே எழுதினேன்.

பட்டறையில் லீவு கேட்கப் போனால் அங்கேயும் ஒரு தாள். துக்க விடுப்பு என்றால் மூன்று நாள் சம்பளத்தோடு உண்டு, வருடாந்திர விடுப்பு என்றால் சேர்த்து வைத்ததிலிருந்து கழியும். எதில் டிக் அடிக்க என்று மேலாளர் மரியாதையாகத்தான் கேட்டார். வருடாந்திர விடுப்பில் அடித்தேன். துக்கத்தில் அடித்தால் நானே அவரை அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிடும் என்று பட்டது.

அன்றே கடைக்குப் போய்ப் பெரிய பெட்டி ஒன்று வாங்கினேன். ஸ்வெட்டர், கம்பளிச் சாக்ஸ், வெந்நீர்ப் பை, ரத்த அழுத்தம் பார்க்கிற சின்ன மிஷின், பல்லில்லாதவர்கள் தின்கிற மாதிரி பிஸ்கட். இரும்புச் சாமான் கடையில் மஞ்சள் நைலான் கயிறு கிடைத்தது. அப்பா சொல்லிக்கொடுத்த முடிச்சைப் போட்டேன். சமையலறையில் பெருமாள் படத்துக்கு முன்னால் பெட்டியை வைத்து வேண்டிக்கொண்டேன். ரெங்கா, நான் பெட்டியோட வர்றேன். அவர் கையால இதை அவுக்க வை. ஏழு பிரகாரமும் அங்கப்பிரதட்சணம் வர்றேன்.

புதன்கிழமை கமலாவிடமிருந்து இரண்டு ரிங். நான் திருப்பிக் கூப்பிடவில்லை. வியாழக்கிழமை நான்கு. அதோடு ஒரு செய்தியும் வந்தது. யாரிடமோ கொடுத்து அடிக்கச் சொல்லியிருப்பாள்: அண்ணே போன் பண்ணு. விசா வந்துவிட்டது, சனிக்கிழமை காலை திருச்சியில் இறங்குகிறேன் என்று மட்டும் பதில் அனுப்பினேன்.

“எடுத்துப் பேசிடுங்களேன். என்னன்னு தெரிஞ்சிடட்டும்” என்றாள் என் மனைவி வசந்தி.

“தெரிஞ்சுட்டா பெட்டி எதுக்கு?”

அவள் தன் போனைக் கையில் எடுத்தாள். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். வைத்துவிட்டாள். அவளுக்கும் பயம்தான். மேசையில் உட்கார்ந்திருந்த அபிநயா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “தாத்தாவுக்கு ஜஸ்ட் கால் பண்ணுங்களேன், அப்பா. ஒய் நாட்?” என்றாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதே என்று அதட்டினேன். எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள்.

5

வெள்ளிக்கிழமை மதியம் விமானம். சிங்கப்பூர் வரை பதினோரு மணி நேரம். அங்கே பதினான்கு மணி நேரம் காத்திருப்பு. பிறகு திருச்சிக்கு நாலே கால் மணி நேரம். ஆக மொத்தம் இருபத்தொன்பது மணி நேரத்துக்கு மேல். ஆக்லாந்தில் அணைத்த போனை வழியில் எங்கும் திறக்கவில்லை. சிங்கப்பூரில் நாற்காலியில் உட்கார்ந்தபடி தெரிந்த பாசுரத்தைச் சொன்னேன். தெரிந்தது நான்குதான், திரும்பத் திரும்பச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை திருச்சியில் இறங்கும்போது ஜன்னல் வழியாகக் காவிரி தெரிந்தது, கொள்ளிடம் தெரிந்தது, நடுவில் தீவாக ஸ்ரீரங்கம் தெரிந்தது. ராஜகோபுரம் சுண்டு விரல் நகம் அளவு இருந்தது. இப்போது அபிநயா அட்டையில் வரைந்த அளவுதான். கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

சுங்கச் சோதனையில் நின்ற இளைஞர் கயிற்றைப் பார்த்துவிட்டு என்ன இருக்கிறது என்று கேட்டார். அப்பாவுக்கு ஸ்வெட்டர், சாக்ஸ் என்றேன்.

“திருச்சில ஸ்வெட்டரா சார்?” சிரித்துவிட்டார். “உங்க அப்பா பாவம் சார். போங்க.”

முடிச்சு அவிழாமல் தப்பியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? இதுவரை வந்துவிட்டது, இனி அவர் கைதான் என்று நினைத்தேன். பெட்டியின் கயிறு வெளியே நன்றாகத் தெரியும்படி தள்ளுவண்டியில் திருப்பி வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

6

ஜமால் பாய் நின்றிருந்தார். முன்சீட்டில் ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறவர் எப்படி வருவார் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பாய் என் பக்கமாக வந்தார். நான் சிரித்த முகமாக “சீரங்கம்” என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

பாய் எந்த ஊர் என்று கேட்கவில்லை. பின்கதவைத் திறந்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றார்.

பெட்டியை அவரே தூக்கி டிக்கியில் வைத்தார். வண்டி கிளம்பியது. சுப்பிரமணியபுரம் தாண்டியதும் எப்போது என்று கேட்டேன். இன்றைக்கு விடியற்காலை என்றார். கோயிலில் விஸ்வரூப தரிசனத்துக்கு மணி அடித்த நேரமாம். அப்போது நான் சிங்கப்பூரில் விமானம் ஏற வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

இன்றைக்கா என்று கேட்டேன். பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“நேத்து சாயந்தரம்கூட நான் போய்ப் பார்த்தேன் தம்பி. வியாழக்கிழமையே வார்டுக்கு மாத்திட்டாங்கள்ல. நல்லா பேசினாரு. என்னையக் கேலி பண்ணாரு. பெட்டியோட வர்றானா, கைப்பையோட வர்றானான்னு கேட்டாரு. பெட்டியோடதான்னு சொன்னேன்.” கியர் மாற்றினார். “உங்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு ரெண்டு நாளா உக்காந்திருந்தாரு. கமலா ரிங் விட்டுக்கிட்டே இருந்துச்சு. நீ கூப்பிடல.”

சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்தது. காவிரிப் பாலம் வந்தது.

“சீரியஸ்னா ஆள் போயாச்சுன்னு அர்த்தம்னு அவர்தானே பாய் சொன்னாரு” என்றேன்.

பாய் அடையவளஞ்சான் வீதி திரும்பும்போது வண்டியை மெதுவாக்கினார்.

வருகிற வெள்ளிக்கிழமை முதல் வருஷத் திதி. போகவில்லை, சேர்த்து வைத்த விடுப்பெல்லாம் போன முறையே தீர்ந்துவிட்டது. ஊரில் வாத்தியார் போனில் மந்திரம் சொல்ல, இங்கே கார் நிறுத்துகிற கொட்டகையில் உட்கார்ந்து செய்யப் போகிறேன். பெட்டி கமலா வீட்டு பீரோ மேல் அப்படியே இருக்கிறது. முடிச்சு அவளுக்கு அவிழவில்லை. அறுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இனி ஊருக்குப் போக எனக்குக் கைப்பை போதும்.

கமலா இப்போதும் ரிங் விடுகிறாள். குழாயில் தண்ணீர் வரவில்லை, பக்கத்து வீட்டில் கல்யாணம், இப்படி ஏதாவது இருக்கும். நான் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு உடனே கூப்பிடுகிறேன். இங்கே நம்பரை அழுத்தினால் ஸ்ரீரங்கத்தில் மணி அடிக்க நான்கு விநாடி ஆகிறது. எண்ணிப் பார்த்துவிட்டேன்.